ஊட்டிச் சேற்றில் 40 ஆயிரம் வருடத்து ஃபைல்!

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மிகப் பழைய ஃபைல் எது? இப்போதே பார்த்துவிடலாம். மை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டேட் மாடிஃபைட் என்ற தலைப்பின் மேல் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். ஃபைல்கள் தேதி வரிசையில் நிற்கும். புதியவை மேலே வந்தால் இன்னொரு முறை கிளிக் செய்யுங்கள். பழையது மேலே வந்துவிடும்.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்குப் போன மாதத்து ஃபைல்தான் இருக்கும். நீண்ட நாளாக வைத்திருப்பவர்களுக்குப் பத்து, பதினைந்து வருடத்து ஃபைல் கிடைக்கலாம். ஆனால் திருப்பூரிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்தில், 40 ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதத் தொடங்கிய ஒரு ஃபைல் இருக்கிறது. எழுதியது மனிதனல்ல, புல்லும் மரமும் மழையும் எழுதின. இருப்பது ஊட்டிக்கு அருகே, கறுப்புச் சேற்றில்.

அந்த ஃபைலை விஞ்ஞானிகள் எப்படித் திறந்தார்கள், அதில் என்ன எழுதியிருந்தது, வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் எதைச் செய்து பார்க்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் பக்கம் சாண்டிநல்லா என்றொரு பள்ளத்தாக்கு. செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம் என்றால் பலருக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். சுற்றிலும் புல் மேடுகள். மடிப்புகளில் சோலைக்காடு. பள்ளத்தில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் சதுப்பு. இதே போன்ற சதுப்புகள் நீலகிரியின் மேல் பகுதியில் வேறு சில இடங்களிலும் உண்டு.

இந்தப் பள்ளத்தாக்கு நமக்கு அந்நியமல்ல. இதன் தண்ணீர் மோயாற்றில் சேர்ந்து பவானிசாகர் அணைக்கு வருகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்காலில் ஓடி, காங்கேயம் பக்கத்து வயல்கள் வரை பாய்கிறது. திருப்பூரின் குடிநீரில் ஒரு பகுதி மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. அந்த ஆற்றுக்கும் நீலகிரியின் தெற்குப் பக்கத்து மழைதான் பெரிய ஆதாரம். 1932-இல் தொடங்கிய பைக்காரா நீர்மின்சாரம்தான் கோவை வட்டாரத்து மில்கள் பெருகக் காரணமாக இருந்தது. ஆக, நீலகிரியில் பெய்யும் மழையின் கதை நம் தறியின் கதையும்தான்.

சேறு எப்படி ஃபைல் ஆகிறது?

செடி செத்தால் மட்கிப் போகும். மட்கச் செய்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கிய சதுப்பில் காற்று புகாது. மலையில் குளிரும் அதிகம். அதனால் அங்கே விழும் இலை, வேர், புல் முழுதாக மட்குவதில்லை. கறுத்த, பஞ்சு போன்ற மண்ணாக அப்படியே தங்கிவிடும். இதற்கு பீட் என்று பெயர்.

ஒவ்வொரு ஆண்டும் அன்றைய செடிகளின் மிச்சம் மேலே படியும். பழையது கீழே போகும். நாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போவது போலத்தான். மேல் பக்கம் இன்றைய தேதி, அடிப் பக்கம் மிகப் பழைய தேதி. கம்ப்யூட்டரில் பழைய ஃபைலின் மேலேயே புதியதை சேவ் செய்தால் பழையது அழிந்துவிடும். சதுப்பு அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொன்றையும் தனித் தனியாக வைத்துக்கொள்கிறது.

எவ்வளவு பழையது என்பதை உணர ஓர் ஒப்பீடு. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் கல்மணி செய்தவர்கள் வாழ்ந்தது ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன். சாண்டிநல்லா சதுப்பின் அடிப்பகுதி அதைப் போலப் பல மடங்கு பழையது. அதில் பனியுகம் முழுதாக ஒரு முறை உச்சத்துக்கு வந்து போயிருக்கிறது.

பனியுகம் என்றதும் ஊட்டியில் பனிப்பாறை இருந்ததாக நினைக்க வேண்டாம். பெரும் பனிப் படலம் இருந்தது ஐரோப்பாவின் வடக்கிலும் வட அமெரிக்காவிலும். ஆனால் அதன் விளைவு நம்மையும் தொட்டது. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன. பருவமழை பலவீனமாக இருந்தது. பிறகு பூமி சூடேறி, சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்தது. அந்த மாற்றம் நம் மலையில் எப்படி நடந்தது என்பதைத்தான் இந்தச் சேறு பதிவு செய்திருக்கிறது.

முதல் சாவி: மகரந்தம்

பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு ஜிஎஸ்எம் கட்டர் தெரியும். துணி ரோலில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்து எடை போட்டால் முழு ரோலின் கனமும் தெரிந்துவிடும். சதுப்பிலும் அதேதான். குழி தோண்டியோ, குழாயை இறக்கியோ, மேலிருந்து கீழ் வரை மண்ணை எடுப்பார்கள். அதைச் சில சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஆழம் எழுதி வைப்பார்கள்.

ஒவ்வொரு துண்டிலும் மகரந்தத் தூள் இருக்கும். பூவின் மகரந்தத்துக்கு மேல் ஓடு மிக உறுதியானது. வலுவான அமிலத்தில் போட்டாலும் மண் கரையும், ஓடு கரையாது. மரத்துக்கு மரம் அதன் வடிவம் வேறு. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புல், இது சோலை மரம் என்று சில நூறு வரை எண்ணுவார்கள். எண்ணியதைச் சதவீதமாக்கினால் அந்தக் காலத்தில் மலையில் என்ன வளர்ந்தது என்று தெரியும். 1916-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லென்னார்ட் ஃபான் போஸ்ட் இப்படி ஒரு சார்ட் போட்டுக் காட்டினார். இந்தத் துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் ஊரில் இதற்கு முன்னோடி, புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட். அங்கே மகரந்த ஆய்வுக் கூடத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கணபதி தணிகைமணி. உலகில் எந்தச் செடியின் மகரந்தத்தைப் பற்றி எந்த நூலில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணையைத் தொகுத்தவர் அவர். இன்று நாம் சர்ச் செய்தால் ஒரு நொடியில் வரும் வேலையை, பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்தார். 1974-இல் அவரும் பிரான்சுவா பிளாஸ்கோவும் சேர்ந்து தென்னிந்திய மலைகளின் பழைய தாவரங்கள் பற்றி எழுதினார்கள். 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் தணிகைமணி உயிரிழந்தார். அதே இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த வசந்தி, சாண்டிநல்லா மகரந்தம் பற்றிய ஆய்வை 1988-இல் வெளியிட்டார். நீலகிரியின் புல்வெளி மிகப் பழையது என்று அந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவது சாவி: கார்பன்

மகரந்தம் எண்ணுவதற்கு நாள் பிடிக்கும். இன்னொரு வழியும் உண்டு. இது நம் வயல்களில் இருந்தே புரியும்.

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறையில் இரண்டு பெரிய ரகம் உண்டு. நெல், பருத்தி, சோலை மரங்கள் எல்லாம் சி-3 ரகம். சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு எல்லாம் சி-4 ரகம். மலையின் புல் வகைகளில் பலவும் சி-4 தான். வறட்சியையும் வெயிலையும் சமாளிப்பதில் சி-4 கெட்டி. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சி-3 முந்திக்கொள்ளும். நம் ஊரில் மானாவாரியில் சோளமும் கம்பும் போடுவது ஏன் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார்.

காற்றில் உள்ள கார்பனில் சாதாரணமானது கார்பன்-12. கொஞ்சம் கனமானது கார்பன்-13. சி-3 செடிகள் கனமானதை அதிகம் ஒதுக்கும். சி-4 செடிகள் அவ்வளவு ஒதுக்குவதில்லை. செடி செத்துச் சேறான பிறகும் இந்த வித்தியாசம் மாறாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி இரண்டின் விகிதத்தை அளந்து சொல்லும்.

இந்த அளவை எதனுடன் ஒப்பிடுவது? சாயப் பட்டறையில் ஷேடு பார்க்க, பையர் ஒப்புக்கொண்ட ஒரு சாம்பிள் கையில் இருக்கும். ஒவ்வொரு லாட்டையும் அதனுடன் வைத்துப் பார்ப்பார்கள். கார்பனுக்கும் அப்படி உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட ஒரு சாம்பிள் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ஒரு பழங்காலக் கடல் உயிரியின் ஓட்டை வைத்து அதை நிர்ணயித்தார்கள். அதைவிட ஆயிரத்துக்கு எத்தனை குறைவு என்று எழுதுவதால் எண்கள் மைனஸில் வரும். சி-3 செடிகளுக்குச் சராசரியாக மைனஸ் 27. சி-4 செடிகளுக்கு மைனஸ் 13. இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெல்லில் நீங்களே செய்து பாருங்கள்

இப்போது கம்ப்யூட்டரைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நான் எழுதியவை. மலையில் அளந்தவை அல்ல.

1. ஏ1 செல்லில் ஆழம் என்றும், பி1 செல்லில் கார்பன் என்றும், சி1 செல்லில் சி-4 சதவீதம் என்றும் தலைப்பு கொடுங்கள்.

2. ஏ2 முதல் ஏ5 வரை 20, 50, 120, 200 என்று ஆழத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள்.

3. பி2 முதல் பி5 வரை -20, -17, -24, -15 என்று எழுதுங்கள். மைனஸ் குறியை மறக்க வேண்டாம்.

4. சி2 செல்லில் =(பி2+27)/14*100 என்று எழுதி என்டர் தட்டுங்கள். செல்லின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். விடை 50 என்று வரும். அதாவது அந்த அடுக்கில் பாதி சி-4 புல், பாதி சி-3 செடி.

5. சி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து சி5 வரை இழுங்கள். மற்ற விடைகளும் வந்துவிடும். ஏறக்குறைய 71, 21, 86 என்று இருக்கும்.

6. இனி ஏ, சி இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்துச் சார்ட் போடுங்கள். லைன் சார்ட் வேண்டாம். எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லைன் சார்ட் நான்கு ஆழங்களையும் சம இடைவெளியில் வைத்துவிடும். நம்முடைய ஆழங்கள் சம இடைவெளியில் இல்லை. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

சார்ட்டில் வலது கோடி, அதாவது அடி ஆழம், புல் மிகுந்த வறண்ட காலம். பிறகு மரம் மிகுந்த ஈரக் காலம். மறுபடி வறட்சி. பிறகு நடுத்தரம். நான்கு எண்களில் ஒரு மலையின் கதை வந்துவிட்டது. விஞ்ஞானிகள் செய்ததும் அடிப்படையில் இதுதான். அவர்களுக்கு எண்கள் அதிகம், கவனம் அதிகம்.

தேதி போடுவது எப்படி?

ஆழம் தெரிந்தால் போதாது, தேதி வேண்டும். இதற்கு உதவுவது கார்பன்-14. உயிருள்ளவரை செடியில் இது சேர்ந்துகொண்டே இருக்கும். செத்த பிறகு மெல்ல மெல்லக் குறையும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரியும். வில்லார்ட் லிப்பி 1940-களின் கடைசியில் கண்டுபிடித்த முறை. 1960-இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 50 ஆயிரம் ஆண்டுகள் வரைதான் இதனால் பார்க்க முடியும்.

இதையும் எக்ஸெல்லில் பார்க்கலாம். ஒரு புது ஷீட்டில் ஏ2 செல்லில் 0.25 என்று எழுதுங்கள். கால்வாசி மிச்சம் இருக்கிறது என்று பொருள். பி2 செல்லில் =-8033*எல்என்(ஏ2) என்று எழுதுங்கள். இதையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விடை 11,136 வரும்.

கணக்குத் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: 5,730-இன் இரண்டு மடங்கு 11,460 அல்லவா? சரியான கேள்வி. லிப்பி முதலில் பயன்படுத்திய அளவு 5,568. பிறகு திருத்தமான அளவு கிடைத்தாலும், பழைய அறிக்கைகளுடன் ஒப்பிட வசதியாக ஆய்வுக் கூடங்கள் எல்லாம் பழைய அளவையே வைத்துக் கணக்கிடுகின்றன. இன்னொரு சிக்கல், காற்றில் உள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. இரண்டையும் சேர்த்துத் திருத்தினால் நம் 11,136 என்ற எண், உண்மையில் சுமார் 13 ஆயிரம் ஆண்டு என்று மாறும். கிட்டத்தட்ட 2 ஆயிரம் ஆண்டு வித்தியாசம்!

இந்தத் திருத்தத்தைக் கையால் செய்ய முடியாது. இங்கேதான் பர்சனல் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. 1986-இல் மின்ஸே ஸ்டைவர், பாலா ரீமர் இருவரும் காலிப் என்ற புரோகிராமை வெளியிட்டனர். மர வளையங்களை எண்ணிக் கிடைத்த உண்மையான வயதுகளுடன் ஒப்பிட்டு அது திருத்திக் கொடுக்கும். 1990-களில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆக்ஸ்கால் வந்தது. இரண்டையும் இப்போது பிரவுசரிலேயே பயன்படுத்தலாம்.

எக்ஸெல்லில் ஒரு செல்லில் 1 என்று எழுதி, அதை டேட் ஃபார்மேட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 1900 ஜனவரி 1 என்று காட்டும். எக்ஸெல்லின் காலண்டர் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. கார்பன் காலண்டருக்கும் ஒரு தொடக்கம் உண்டு. 1950-ஐ 'இன்று' என்று வைத்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். எந்தக் கம்ப்யூட்டர் ஒரு தேதியைக் காட்டினாலும், அது எங்கிருந்து எண்ணுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபைலில் என்ன எழுதியிருந்தது?

1993-இல் நேச்சர் இதழில் நான்கு இந்தியர்கள் ஒரு கட்டுரை எழுதினர். யானை ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் முதல் ஆசிரியர். உடன் எழுதியவர்கள் ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன். நீலகிரி பீட் மண்ணின் கார்பனை அளந்து, 20 ஆயிரம் ஆண்டு வரலாற்றை அவர்கள் எழுதியிருந்தனர். 1997-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் அதை 40 ஆயிரம் ஆண்டுகள் வரை நீட்டினர்.

சுருக்கமாக அவர்கள் கண்டது இது. பனியுகத்தின் உச்சத்தில் மலை வறண்டிருந்தது. சி-4 புல் ஆட்சி செய்தது. பனியுகம் முடியும் தறுவாயில் பருவமழை வலுத்தது. சுமார் 10, 11 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்தில் இருந்தது. சி-3 செடிகள் பெருகின. பிறகு சுமார் 6 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மீண்டும் ஒரு நீண்ட வறண்ட காலம் வந்தது. அதன் பின் சிறு ஏற்ற இறக்கங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சி-4 புல் பெருக மழைக் குறைவு மட்டும் காரணமல்ல. காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலும் அது பெருகும். பனியுக உச்சத்தில் அந்த வாயு பத்து லட்சத்தில் 190 பங்குக்கும் குறைவாக இருந்தது. பனியுகத்துக்குப் பின் 280-ஐ எட்டியது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எனவே ஒரே ஓர் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மகரந்தம், கார்பன், ஏரி மண், கடல் மண் என்று பல சாட்சிகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பழனி மலையின் கூக்கால் ஏரி மண்ணிலிருந்து சுமார் 9 ஆயிரம் ஆண்டு வரலாற்றை எழுதிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ராஜஸ்தானின் உப்பு ஏரிகளில் 1970-களிலேயே குர்தீப் சிங் மகரந்தம் எண்ணினார்.

கம்ப்யூட்டர் சொன்னதும் சேறு சொன்னதும்

பனியுகம் முடிந்ததும் மழை ஏன் அவ்வளவு வலுத்தது? இதற்கு விடை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல. இப்போது ஜனவரியில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நெருக்கம் நம் கோடைப் பருவத்தில் வந்தது. 1981-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் குட்ஸ்பாக், 9 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பூமியின் பாதையை ஒரு கம்ப்யூட்டர் மாடலில் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். வெயில் கூடியதால் ஆசிய நிலம் அதிகம் சூடாகி, கடலிலிருந்து காற்றை வேகமாக இழுத்தது. பருவமழை இன்றைவிட வலுவாக வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நீலகிரிச் சேறும் ஏறத்தாழ அதே காலத்தில் ஈரம் மிகுந்திருந்ததாகச் சாட்சி சொன்னது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். இன்னும் ஐம்பது வருடத்தில் பருவமழை எப்படி இருக்கும் என்று சொல்வதும் இதே போன்ற கம்ப்யூட்டர் மாடல்கள்தான். வருங்காலத்தைச் சரி பார்க்க ஆள் இல்லை. ஆனால் கடந்த காலத்தைச் சரி பார்க்கலாம். பழைய மழையைச் சரியாகச் சொல்லும் மாடலுக்குத்தான் வரும் மழையைச் சொல்லத் தகுதி. உலகின் ஆய்வுக் குழுக்கள் 6 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை எல்லா மாடல்களுக்கும் ஒரு பரீட்சையாகவே வைத்திருக்கின்றன. அந்தப் பரீட்சையின் விடைத்தாள் நீலகிரி போன்ற இடங்களின் மண்ணில் இருக்கிறது. பவானி அணைக்கு நாளை எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கேள்விக்கு, விடையின் ஒரு துண்டு சாண்டிநல்லாவில் புதைந்து கிடக்கிறது.

ஒரு பழைய வழக்கு

இந்தச் சேறு இன்னொரு வழக்கிலும் சாட்சி சொல்லியிருக்கிறது. நீலகிரியின் புல்வெளி இயற்கையா, மனிதன் காட்டை எரித்ததால் வந்ததா? 1938-இல் இந்தியன் ஃபாரஸ்டர் இதழில் இரண்டு வன அதிகாரிகள் எதிரெதிராக எழுதினர். புல்வெளி இயற்கையானது என்றார் சி.ஆர். ரங்கநாதன். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்றார் என்.எல். போர்.

புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்தவர்கள் அதில் மரம் நட்டார்கள். சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் மேடு மேடாக ஏறின. சீகைப் பட்டை தோல் பதனிட உதவியது. யூகலிப்டஸ் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது. நம் ஊரில் விஸ்கோஸ் நூல் ஓட்டியவர்கள் அந்த மலையின் மரத்தையும் ஓட்டியிருக்கலாம்.

சேறு என்ன சொல்கிறது? மலையில் மாடு மேய்த்த சமூகங்களின் தடயத்தைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் பழையது அந்தப் புல்வெளி. அது அழிந்த காட்டின் மிச்சமல்ல. மழையோடும் குளிரோடும் விரிந்து சுருங்கி வந்த ஒரு பழைய நிலம். நீலகிரி வரையாடு வாழ்வதும் அதில்தான். இந்த விவரம் முன்பே தெரிந்திருந்தால் சில மேடுகளாவது தப்பியிருக்கும்.

பேக்கப் இல்லாத ஃபைல்

என் வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறைய பிளாப்பிகள் இருக்கின்றன. 2003 வாக்கில் ஒரு பனியன் கம்பெனியின் ஆர்டர் கணக்குகளை அதில் எழுதி வைத்தேன். இரண்டு வருடம் முன் பழைய பையர் ஒருவர் ஸ்டைல் நம்பர் கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். டிரைவ் தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது. ஏழில் இரண்டு மட்டும் திறந்தன. மற்றவற்றில் பூஞ்சை. கேட்ட ஸ்டைல் திறக்காத ஐந்தில்தான் இருந்தது. காப்பி எடுத்து வைக்காதது என் தவறு. யாரையும் குறை சொல்ல முடியாது.

சதுப்புக்கும் இதே கதைதான். நீலகிரியின் பல பள்ளத்தாக்குச் சதுப்புகள் அணை நீருக்கடியில் போய்விட்டன. சில வடிகால் வெட்டப்பட்டுக் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் தோட்டங்களாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் காற்று உள்ளே போகும். பல ஆயிரம் ஆண்டுகளாக மட்காமல் இருந்தது சில ஆண்டுகளில் மட்கிவிடும். மண்வெட்டி ஒரு முறை புரட்டினால் பக்கங்கள் கலந்துவிடும். ரீசைக்கிள் பின் கிடையாது. ரெக்கவரி சாஃப்ட்வேரும் கிடையாது.

அளந்து முடித்த எண்களையாவது காப்பாற்றலாம். அதற்காக உலக விஞ்ஞானிகள் நியோடோமா என்ற இலவச டேட்டாபேஸ் வைத்திருக்கின்றனர். நியோடோமா என்பது அமெரிக்காவில் உள்ள ஓர் எலி வகையின் பெயர். கண்டதையெல்லாம் வளையில் சேர்த்து வைக்கும். அந்தச் சேமிப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருந்து விஞ்ஞானிகளுக்கு உதவியது. அதனால்தான் டேட்டாபேஸுக்கு அந்தப் பெயர். அதன் மேப்பைத் திறந்து பாருங்கள். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் புள்ளிகளால் நிறைந்திருக்கும். இந்தியாவில் புள்ளிகள் மிகக் குறைவு. அந்த வெற்றிடம் நம் மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.

முயன்று பார்க்க விரும்புவோருக்கு:

* நியோடோமா: பிரவுசரில் பார்க்கலாம். மேப்பில் ஒரு புள்ளியைக் கிளிக் செய்தால் அந்த இடத்தின் விவரம் வரும். டேட்டாவை இறக்கிக்கொள்ளவும் வசதி உண்டு.

* ஆக்ஸ்கால், காலிப்: மேலே எக்ஸெல்லில் கிடைத்த 11,136 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பிழை அளவையும் கேட்கும். 50 என்று கொடுக்கலாம். விடை ஒரே எண்ணாக வராது, ஒரு வரம்பாக வரும். அதுதான் நேர்மையான விடை.

* டிலியா: எரிக் கிரிம் எழுதிய விண்டோஸ் புரோகிராம். மகரந்த எண்ணிக்கையைச் சார்ட்டாக மாற்ற உலகம் முழுதும் பயன்படுத்துகின்றனர்.

அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது, பஸ் ஜன்னலில் புல் மேட்டுக்குக் கீழே கறுத்த ஈர நிலம் தெரிந்தால் ஒரு நிமிடம் கவனியுங்கள். சேறு என்று தாண்டிப் போக வேண்டாம். நம் தண்ணீரின் வரலாறு அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை. டேட் மாடிஃபைட் வரிசையில் முதலில் நின்ற அந்தப் பழைய ஃபைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். அதற்காவது பேக்கப் இருக்கட்டும்.